ஃபிரிஞ்ச் தொடரில் வரும் இரண்டாவது உலகம் உண்மையில் இருக்க முடியுமா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஃபிரிஞ்ச் தொடரின் ஐந்து சீசனையும் பார்த்து முடித்துவிட்டீர்கள். அதில் வருவதுபோல ஒரு சமாந்தரப் பிரபஞ்சம் இருப்பதை நாசா கண்டுபிடித்துவிட்டதாக ஒரு காணொளி சொல்கிறது. அப்படியென்றால் இன்னொரு திருகோணமலையில் இன்னொரு நீங்கள் இருக்கிறீர்களா, அங்கே போக வழி உண்டா என்கிறீர்கள். உயர்தரம் எழுதப்போகிற தங்கச்சிக்குத் தொடரில் எந்தப் பகுதிகளைக் காட்டலாம் என்பது கடைசிக் கேள்வி. பார்த்தால் பௌதிகவியல் கேள்வி போலத்தான் இருக்கிறது. ஆனால் நடுவில், "அங்கே எங்கள் அப்பா இன்னும் கடை நடத்திக்கொண்டிருப்பாரோ" என்று ஒரு வரியைப் போகிறபோக்கில் போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்டது அதுதான் என்று நினைக்கிறேன். அதற்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன், ஆனால் பௌதிகத்தைத் தாண்டாமல் அங்கே போக முடியாது.

நான் திருமலையில் உயர்தர மாணவர்களுக்குப் பல வருடமாகப் பௌதிகவியல் கற்பிப்பவன். ஆய்வாளன் இல்லை. குவாண்டம் பொறிமுறையைப் பல்கலைக்கழகத்தில் படித்த அளவும், அதற்குப் பிறகு ஆர்வத்தில் வாசித்த அளவும்தான் கையில் இருக்கிறது. தொடரைப் பொறுத்தவரை அப்படி அடக்கம் தேவையில்லை, டிவிடி வாங்கிப் பார்த்த காலத்திலிருந்தே அதற்கு அடிமை. இன்னும் பார்க்காதவர்கள் யாராவது இதை வாசித்தால் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கதையைப் போட்டு உடைக்கப்போகிறேன்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. தொடர் 2008 செப்டெம்பரில் அமெரிக்காவின் ஃபொக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கி 2013 ஜனவரியில் முடிந்தது. சரியாக 100 பகுதிகள். எஃப்பிஐ அதிகாரி ஒலிவியா டனம், 17 வருடம் மனநல மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்த விஞ்ஞானி வோல்ட்டர் பிஷப், அவருடைய மகன் பீற்றர், மூவரும் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் நிலவறை ஆய்வுகூடத்தில் ஒரு பசுவையும் கட்டி வைத்துக்கொண்டு விசித்திரமான வழக்குகளை ஆராய்கிறார்கள். முதல் சீசனின் முதற்பாதி வாரத்துக்கு ஒரு விபரீதம் என்கிற ரகம். பல பேர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள், அவர்களைக் குறை சொல்லமாட்டேன். பொறுமையாக இருந்தவர்களுக்கு அந்தச் சீசனின் கடைசிக் காட்சி கிடைக்கிறது. ஒலிவியா உயரமான ஒரு கட்டடத்தின் அறையில் நிற்கிறாள். கமெரா யன்னலுக்கு வெளியே வந்து பின்னால் போகப் போக, அந்தக் கட்டடம் நியூயோர்க்கின் உலக வர்த்தக மையக் கோபுரம் என்று தெரிகிறது. 2001இல் இடிந்த கோபுரம் அங்கே முழுசாக நிற்கிறது. வேறு உலகம் என்று யாரும் வாய்திறந்து சொல்லவே இல்லை.

இந்தத் தொடரை நான் தூக்கிப் பிடிப்பதற்கு முதல் காரணம், மற்ற உலகத்தைக் கட்டிய விதம். சுதந்திர தேவி சிலை பச்சை பிடிக்காமல் செப்பு நிறத்திலேயே மின்னுகிறது. வானத்தில் செப்பலின் ஆகாயக் கப்பல்கள் மிதக்கின்றன. கோப்பி கிடைப்பது அரிது. 1985இல் நடக்கும் ஒரு பகுதியில், அந்தப் பக்கத்துத் திரையரங்கின் முகப்பில் 'பேக் டு த ஃபியூச்சர்' படத்தின் நாயகன் எரிக் ஸ்டோல்ட்ஸ் என்று போட்டிருக்கும். நம்முடைய உலகத்தில் அந்தப் படத்துக்கு முதலில் பிடித்தது அவரைத்தான். சில வாரம் படப்பிடிப்பும் நடந்தது. இடையில் அவரை எடுத்துவிட்டு மைக்கேல் ஜே. ஃபொக்ஸைப் போட்டார்கள். அதாவது நம் உலகத்தில் மயிரிழையில் நடக்காமல் போன ஒன்றைத் தேடிப் பிடித்து அங்கே நடந்ததாக வைத்திருக்கிறார்கள். தலைப்புக் காட்சிகூட நம் பக்கத்துக் கதைக்கு நீலம், அந்தப் பக்கத்துக் கதைக்குச் சிவப்பு. பார்க்கிறவனை மதித்துச் செய்த வேலை.

பௌதிக ஆசிரியனாக எனக்குப் பிடித்த பகுதி இரண்டாம் சீசனில் வரும் 'ஜாக்சன்வில்'. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கட்டடம் மன்ஹாட்டனில் இருக்கும் கட்டடத்துக்குள் வந்து சொருகிக்கொள்கிறது. வந்த திணிவுக்குச் சமனான திணிவு இங்கிருந்து அங்கே போயே ஆகவேண்டும் என்கிறார் வோல்ட்டர். எந்தக் கட்டடம் போகப்போகிறது, அதற்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் கதை. இது உண்மையான பௌதிக விதி அல்ல, தொடர் தானாகப் போட்டுக்கொண்ட விதி. ஆனால் ஏதோ ஒன்று காக்கப்பட வேண்டும், சும்மா வந்து சும்மா போக முடியாது என்கிற எண்ணம் பௌதிகத்தின் நடுநரம்பு. பல விஞ்ஞானக் கற்பனைக் கதைகள் கதவைத் திறந்துவிட்டுக் கணக்கை மறந்துவிடுகின்றன. இதில் மறக்கவில்லை. சிறு வயதில் ஒரு மருந்துப் பரிசோதனைக்கு ஆளாக்கப்பட்ட ஒலிவியாவுக்கு, அந்தப் பக்கத்துப் பொருட்கள் ஒருவித ஒளியோடு மினுங்குவது தெரியும். அதை வைத்துக் கட்டடத்தைக் கண்டுபிடித்துவிடுகிறாள். அன்றிரவு பீற்றரைப் பார்க்கிறாள். அவன் மினுங்குகிறான்.

அடுத்த பகுதியின் பெயரே 'பீற்றர்'. 1985. இரண்டு உலகத்திலும் சிறுவன் பீற்றருக்கு ஒரே நோய். நம் பக்கத்துப் பிள்ளை இறந்துவிடுகிறான். வோல்ட்டர் தான் செய்த ஒரு கண்ணாடிச் சாளரத்தினூடாக, அந்தப் பக்கத்து வோல்ட்டர் தன் மகனுக்கு மருந்து தேடிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அங்கே பரிசோதனை பலித்து நிறம் மாறுகிற அந்த நொடியில் மொட்டைத்தலை ஆள் ஒருவன் ஆய்வுகூடத்துக்குள் வந்து நிற்க, அந்த வோல்ட்டர் திரும்பிப் பார்க்கிறார். நொடி போய்விடுகிறது. மருந்து கிடைத்துவிட்ட செய்தி அதைத் தேடியவருக்குத் தெரியாது, இங்கிருந்து எட்டிப் பார்த்தவருக்கு மட்டும் தெரியும். பனி உறைந்த ஏரியின் மேல் வாசலைத் திறந்துகொண்டு போகிறார். மருந்தைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதுதான் நோக்கம். தடுக்க வந்தவளோடு இழுபறிப்பட்டதில் குப்பி உடைந்திருப்பது அங்கே போன பிறகுதான் தெரிகிறது. சரி, பிள்ளையை இங்கே கொண்டுவந்து குணமாக்கிவிட்டுத் திருப்பிக் கொண்டுபோய் விடலாம் என்று நினைக்கிறார். குணமாக்கியும் விடுகிறார். அப்போது மனைவி வந்து பிள்ளையைப் பார்க்கிறாள். பறிகொடுத்த பிள்ளையின் அதே முகம். அவள் பார்த்த பார்வையோடு திருப்பி அனுப்பும் கதை முடிந்துவிடுகிறது.

இதில் எந்தப் படியிலும் வோல்ட்டர் கெட்டவராக நடக்கவில்லை. ஒவ்வொரு படியையும் நாங்களும் எடுத்திருப்போம். ஆனால் அவர் திறந்த வாசலால் அந்தப் பக்கத்து உலகம் விரிசல்விடத் தொடங்குகிறது. விரிசல்களை அடைக்க அங்குள்ளவர்கள் ஒருவகைப் புகையை விடுகிறார்கள், அது அம்பர் என்கிற கல்லாகிப்போன மரப்பிசின் மாதிரி இறுகிவிடும். ஓட முடியாமல் அகப்பட்டவர்கள் அதற்குள்ளேயே. தன் பிள்ளையைக் காப்பாற்றின ஓர் ஆளுக்காக யாருடைய பிள்ளையோ அம்பருக்குள் நிற்கிறது. இரண்டு சீசனாக நாங்கள் வில்லன்கள் என்று நினைத்தவர்களின் பக்கம் நியாயம் இருப்பதை நிதானமாக உணரவைக்கிறார்கள். ஜோன் நோபிள் இரண்டு வோல்ட்டராகவும் நடித்ததை ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பாருங்கள். அதே முகம்தான், ஆனால் ஒருவர் பிள்ளையைத் திருடியவர், மற்றவர் பறிகொடுத்தவர். நிற்கிற நிற்பிலேயே யார் என்று தெரிந்துவிடும்.

சரி, இனிப் பௌதிகம். உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். இரண்டு மெல்லிய பிளவுகள் உள்ள தடுப்பை நோக்கி ஓர் இலத்திரனை அனுப்பினால் அது திரையில் ஒரே ஒரு புள்ளியாகத்தான் விழும். ஒன்று விழுந்த பிறகு அடுத்ததை, அதற்குப் பிறகு அடுத்ததை என்று தனித்தனியாக அனுப்பிக்கொண்டே இருந்தால் புள்ளிகள் சேர்ந்து வெளிச்சமும் இருட்டுமாகப் பட்டைகள் உண்டாகின்றன. உயர்தரத்தில் யங்கின் பரிசோதனையில் ஒளிக்குப் பார்க்கிற அதே தலையீட்டுக் கோலம். தனியாக வந்த இலத்திரனுக்கு இரண்டு வழியும் எப்படித் தெரியும்? இதற்கு நிகரான அமைப்பில் 1989இல் ஜப்பானில் தொனொமுராவின் குழு இலத்திரன்களை ஒவ்வொன்றாக விழவிட்டுப் படம்பிடித்தே காட்டியது. 1999இல் வியன்னாவில் 60 காபன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுக்கும், 2019இல் ஏறத்தாழ 2,000 அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளுக்கும் இதே விளைவைக் காட்டிவிட்டார்கள். ஆக, ஒரு துணிக்கை தனியே போகும்போதும் எல்லா வழிகளும் கணக்கில் சேர்கின்றன என்பதில் இன்று யாருக்கும் சந்தேகம் இல்லை.

சந்தேகம் தொடங்குவது அடுத்த படியில். எல்லா வழியும் கணக்கில் இருந்ததென்றால் திரையில் ஏன் ஒரே ஒரு புள்ளி? பாடப்புத்தகம் சொல்கிற விடை, அளக்கும் கணத்தில் மற்ற வாய்ப்புகள் எல்லாம் அழிந்து ஒன்று மட்டும் மிஞ்சுகிறது என்பது. அந்த அழிவு, துணிக்கைகள் எப்படி நடக்கும் என்று சொல்கிற குவாண்டம் பொறிமுறையின் மூலச் சமன்பாட்டில் இல்லை, வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியது. 1957இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலாளர் ஜோன் வீலரிடம் ஆய்வு செய்த ஹியூ எவரெற் என்ற இளைஞர் அந்த ஒட்டுவேலையைக் கழற்றிப் பார்த்தார். சமன்பாட்டை அப்படியே நம்பினால் எதுவும் அழிவதில்லை. அளக்கும் ஆளும் கருவியும் சேர்ந்து கிளைகளாகின்றன, ஒவ்வொரு கிளையிலும் ஓர் ஆள் ஒரு புள்ளியைக் கண்டு குறித்துக்கொள்கிறார். 1959இல் அவர் கோப்பன்ஹேகனுக்குப் போய், குவாண்டம் பொறிமுறையின் முன்னோடியான நீல்ஸ் போர் என்பவரைச் சந்தித்தார், அங்கே இது எடுபடவில்லை. அதற்கு முன்னரே பல்கலைக்கழகத்தை விட்டுப் பென்டகனில் ஆயுதங்களை மதிப்பிடும் வேலைக்குப் போய்விட்டிருந்தார். 1970இல் பிரைஸ் டிவிட் என்ற பௌதிகவியலாளர் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இந்த எண்ணம் பரவலாகப் பேசப்பட்டது. எவரெற் 1982இல் 51 வயதில் இறந்துபோனார். இன்று கணிசமான பௌதிகவியலாளர்கள் அவர் பக்கம், கணிசமானவர்கள் எதிர்ப்பக்கம். இரண்டு பக்கமும் ஒரே பரிசோதனை முடிவைத்தான் எதிர்வுகூறுகின்றன. அதனால் இது நிரூபிக்கப்பட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பொய்யென்று நிரூபிக்கப்பட்டது என்றாலும் அப்படியே.

இங்கேதான் தொடருக்கும் எவரெற்றுக்கும் வழி பிரிகிறது. எவரெற்றின் கிளைகளுக்கு நடுவே வாசல் கிடையாது. ஏன் என்பதற்கு நம்மூர் உள்துறைமுகத்தைப் பாருங்கள். விடியற்காலையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும்போது இரண்டு வள்ளம் போனால், இரண்டின் அலைகளும் சந்தித்துப் போடும் கோலம் அச்சடித்ததுபோல் தெரியும். பத்து மணிக்குக் காற்றும் மற்றப் படகுகளும் சேர்ந்த பிறகும் அந்த இரண்டு அலையும் தண்ணீரில் இருக்கத்தான் செய்கின்றன, ஆனால் கோலத்தைப் பிரித்தெடுக்க எவராலும் முடியாது. ஓர் இலத்திரன் சுற்றியிருக்கும் காற்றோடும் வெளிச்சத்தோடும் மோதும்போது நடப்பதும் அதுதான். கிளைகள் இருக்கலாம், ஆனால் அவை இனி ஒன்றையொன்று தொடமாட்டா. மூலக்கூறு பெரிதாகப் பெரிதாகப் பரிசோதனை ஏன் அவ்வளவு கடினமாகிறது, வெற்றிடம் ஏன் அவ்வளவு தேவைப்படுகிறது என்பதற்கும் காரணம் இதுவே. ஒரு மனிதன் மூலக்கூறு இல்லை. வோல்ட்டரின் சாளரத்துக்கு எவரெற்றின் சமன்பாட்டில் இடம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மாணவர்கள் அடிக்கடி கேட்பது. காலையில் தேத்தண்ணியா கோப்பியா என்று நான் முடிவெடுக்கும்போதெல்லாம் உலகம் இரண்டாகிறதா? எவரெற் சொன்னது அதை அல்ல. கிளை பிரிவது துணிக்கைகளின் மட்டத்தில், ஒவ்வொரு கணமும், நம்மைக் கேட்காமல். நம்முடைய முடிவு அந்தப் பிரிவுகளால் மாறுகிற அளவுக்கு நுட்பமானதா, அல்லது மூளை எல்லாக் கிளையிலும் கோப்பியையே கேட்குமா என்பது திறந்த கேள்வி. மனிதன் தீர்மானிப்பதால் பிரபஞ்சம் பிறக்கிறது என்பது சினிமாக்காரர்களுக்கு வசதியான கற்பனை, அவ்வளவுதான்.

தொடர் காட்டுகிற மாதிரி, பக்கத்திலேயே இருக்கிற, எட்டித் தொடக்கூடிய இரண்டாம் உலகத்துக்குக் கிட்டவரும் எண்ணங்களும் பௌதிகத்தில் உண்டு. நாம் வாழும் முப்பரிமாண வெளி, அதைவிடப் பெரிய வெளியில் மிதக்கும் ஒரு படலமாக இருக்கலாம், பக்கத்தில் இன்னொரு படலமும் இருக்கலாம் என்ற வகையில் 1999இல் லிசா ரண்டாலும் ராமன் சுந்தரமும் ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். அதற்கு இதுவரை ஆதாரம் கிடைக்கவில்லை. இன்னொன்று, ஒவ்வொரு துணிக்கைக்கும் கண்ணாடி விம்பம்போல ஒரு மறைந்த துணிக்கை இருக்கிறதா என்ற தேடல். நியூத்திரன் எவ்வளவு நேரத்தில் சிதைகிறது என்பதை இரண்டு முறையில் அளந்தால் இரண்டு விடை வருகிறது. ஒன்று ஏறத்தாழ 879 செக்கன், மற்றது 888. சில நியூத்திரன்கள் 'கண்ணாடி' நியூத்திரனாக மாறித் தப்பிவிடுவதால் இந்த ஒன்பது செக்கன் வித்தியாசமோ என்று அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடத்தில் சோதித்துப் பார்த்தார்கள். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் நியூத்திரன் வந்து தோன்றுகிறதா என்பதே சோதனை. 2022இல் வெளியான முடிவு: அப்படி எதுவும் தென்படவில்லை. ஆனால் அந்த ஒன்பது செக்கன் இன்னும் அப்படியே கிடக்கிறது. உண்மையான விஞ்ஞானம் இந்த வேகத்தில்தான் நகரும்.

இனி அந்தக் காணொளி. நாசா சமாந்தரப் பிரபஞ்சத்தைக் கண்டுபிடிக்கவில்லை. 2020 மே மாதத்தில் பரபரப்புப் பத்திரிகைகள் கிளப்பிவிட்ட செய்தி அது, இன்றுவரை பெயரை மாற்றி மாற்றி வந்துகொண்டிருக்கிறது. நடந்தது இவ்வளவுதான். அந்தாட்டிக்காவுக்கு மேலே நாசாவின் பலூனில் பறந்த அனிடா என்ற கருவி, பனிக்குக் கீழேயிருந்து மேல்நோக்கி வந்தவை போலத் தோன்றும் சில வானொலித் துடிப்புகளைப் பதிவுசெய்தது. அவ்வளவு சக்தியுள்ள துணிக்கைகள் பூமியை ஊடுருவி வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்பதால் புதிர். அந்தப் புதிரைச் சில கோட்பாட்டாளர்கள், பெருவெடிப்புக்கு மறுபக்கத்தில் காலம் எதிர்த்திசையில் ஓடும் பிரபஞ்சம் உண்டு என்கிற வேறொரு கருதுகோளோடு இணைத்துப் பார்த்தார்கள். இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டதும் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. கருவியை இயக்கிய விஞ்ஞானிகள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. 2024 டிசம்பரில் கூகுள் தன் வில்லோ என்ற குவாண்டம் கணினிச் சில்லை அறிவித்தபோதும் இதே கதைதான். அதன் வேகம் பல பிரபஞ்சங்களில் கணிப்பு நடக்கிறது என்ற எண்ணத்துக்கு வலுச்சேர்ப்பதாக அறிவிப்பிலேயே ஒரு வரி இருந்தது. சில்லு நன்றாக வேலை செய்தது உண்மை. அந்த ஒரு வரி எழுதியவருடைய சாய்வு. எவரெற்றை ஏற்காதவர்களும் அதே சில்லின் அதே விடையைச் சிரமமில்லாமல் விளக்குவார்கள்.

இன்னொரு திருகோணமலையில் இன்னொரு நீங்கள் உண்டா? இதற்கு எந்தப் பிரபஞ்சத்தைச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் விடை. படலமோ கண்ணாடித் துணிக்கையோ என்றால், அங்கே கல்லும் வாயுவும் இருந்தால்கூடப் பெரிய விடயம். வெளி முடிவில்லாதது என்றால், அணுக்களை அடுக்கும் முறைகள் எங்கோ திரும்ப வந்தே ஆகவேண்டும் என்று ஒரு வாதம் இருக்கிறது. ஆனால் நமக்குக் கண்ணுக்கெட்டும் பிரபஞ்சத்தின் விளிம்பே 4,600 கோடி ஒளியாண்டு தூரம், நீங்கள் சொல்கிற ஆள் அதைவிட நினைத்துப் பார்க்க முடியாத தூரத்தில் இருப்பார். எவரெற் சரியென்றால் மட்டும், நேற்றுவரை உங்களோடு ஒரே ஆளாக இருந்து இன்று பிரிந்தவர்கள் இருக்க வேண்டும்.

தொடர் இங்கே பெரிய சலுகை எடுத்துக்கொள்கிறது. அந்த உலகம் நம்முடையதிலிருந்து எப்போதோ பிரிந்துவிட்டது, செப்பலின் கப்பல்களே ஓய்வு பெறவில்லை. ஆனாலும் அங்கே அதே ஒலிவியா, அதே வோல்ட்டர், அதே பெயரோடு பிறந்திருக்கிறார்கள். அது நடக்காது. நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். இடித்ததில் ஒரு பகுதி கடலில் போய் விழுந்தது. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கோயில் நிற்கும் சுவாமி மலைக்குக் கீழே சுழியோடி, செதுக்கிய தூண்களைக் கடலடியில் பார்த்தார்கள். விஞ்ஞானக் கற்பனைக் கதையின் முன்னோடி ஒருவர் நம்மூர்த் தண்ணீருக்குள் இருந்தார் என்பதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. சரி, அந்தக் கோயில் இடிபடாத ஓர் உலகத்தை நினைத்துப் பாருங்கள். கோட்டை இல்லை, அல்லது வேறு இடத்தில். பிறகு வந்த ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் வேறு இடத்தில் நிலைகொள்வார்கள். சந்தை வேறு, தெரு வேறு. யார் யாரைக் கண்டு கல்யாணம் முடித்தார்கள் என்பது நானூறு வருடமாக வேறு. கோயில் அங்கே தலைநிமிர்ந்து நிற்கலாம், ஆனால் அதைக் கும்பிட நீங்களும் இல்லை, நானும் இல்லை. பிறப்பு அவ்வளவு தற்செயலானது. ஒரு நாள் பிந்தினாலே வேறு பிள்ளை. தொடரை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. அதே முகம் எதிரே வந்து நிற்காவிட்டால் கதையே கிடையாது என்பதால் கண்ணை மூடிக்கொண்டார்கள். நானும் மூடிக்கொள்கிறேன்.

அப்பாவைப் பற்றி. அவருக்கு என்ன நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை, நான் கேட்கவும் இல்லை. இந்தக் கரையோரத்தில் யுத்த காலமும் 2004 டிசம்பர் 26உம் கடந்து வந்த வீடுகளில், "அன்றைக்கு மட்டும் போகாமல் இருந்திருந்தால்" என்று தொடங்கும் வசனம் இல்லாத வீடு குறைவு. பௌதிகத்திலிருந்து நேர்மையாகச் சொல்லக்கூடியது இது: எவரெற் சரியென்றால், அவர் கடை திறக்கும் கிளை இருக்கலாம். அது இருக்கிறதா என்று சோதிக்க முடியாது. அங்கே ஒரு சொல் அனுப்ப முடியாது, ஒரு நொடி எட்டிப் பார்க்கவும் முடியாது. எவரெற்றை நம்பித் தேறுதல் அடைகிறவர்கள் இருக்கிறார்கள், அது அவரவர் விருப்பம். எனக்கு அதில் ஆறுதல் கிடைப்பதில்லை. ஏனென்றால் அந்தக் கிளையில் அந்தக் கடையில் அவருக்குப் பக்கத்தில் ஒரு மகன் நிற்பான். அவர் அவனுடைய அப்பா. வோல்ட்டர் தவறவிட்டது இதைத்தான். நோயாளிப் பிள்ளை ஒன்றைக் கண்டார், அந்தப் பிள்ளைக்கு அப்பா ஒருவர் ஏற்கனவே இருப்பதைக் கண்ணால் கண்டும் காணாமல் விட்டார். 'வைட் டியூலிப்' என்ற பகுதியில் இறந்த காதலியைக் காப்பாற்றக் காலத்தில் பின்னால் போகும் ஒரு விஞ்ஞானி வருவார். அவரிடம் வோல்ட்டர் தன் குற்றத்தைச் சொல்கிற காட்சியைத் திரும்பப் பாருங்கள். முதல் தடவை கதையின் வேகத்தில் அது பிடிபட்டிருக்காது.

நான்காம் ஐந்தாம் சீசன்களைப் பற்றியும் அபிப்பிராயம் கேட்டிருந்தீர்கள். மூன்றாம் சீசன்தான் உச்சம். ஒரு வாரம் இந்தப் பக்கம், ஒரு வாரம் அந்தப் பக்கம் என்று இரண்டு உலகத்தின் மேலும் ஒரே அளவு பாசம் வரச்செய்தார்கள். அதன் முடிவில் பீற்றரைக் காலத்திலிருந்தே அழித்ததும், நான்காம் சீசனில் யாருக்கும் பழைய ஞாபகம் இல்லாமல் போனதும் துணிச்சலான வேலைதான். ஆனால் அந்தப் பிள்ளையைத் திருடியதன் விலையை மூன்று வருடமாக ஏற்றி ஏற்றி வைத்துவிட்டு, ஞாபகத்தை அழித்துக் கணக்கைச் சமப்படுத்தியதில் எனக்கு மனக்குறை. ஐந்தாம் சீசன் 2036இல் நடக்கும் வேறொரு கதை. அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் வரும் காட்சிகளுக்காக மன்னித்துவிட்டேன்.

தங்கச்சிக்கு இப்போது 'ஜாக்சன்வில்', 'பீற்றர்', 'வைட் டியூலிப்' மூன்றையும் காட்டுங்கள். மூன்றும் இரண்டேகால் மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும், படிப்பு கெட்டுப்போகாது. மிச்சம் பரீட்சைக்குப் பிறகு. கொஞ்சம் கூடுதலாக நேரமிருந்தால் முதல் சீசனின் நான்காவது பகுதியை முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆய்வுகூடத்துக்குள் வந்து நிற்கிற அந்த மொட்டைத்தலை ஆள் யார், ஏன் வந்தான் என்று படம் முடியும்வரை உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருப்பாள்.